தேடுவோரும் தேடப்படுவோரும்

பழைய மாணவர் ஒருவர் எழுதியது

பொருளை விற்க முயல்வோன் அதனை வாங்குவோன் செவியிற் படும்படி கூறுதல் உலகத்தியல்பு. உப்பு விற்பவளின் கூவலும், கடை வாயிலிலே தொங்கும் பலகையும், பத்திரிகையின் கடைசிப் பக்கத்திற் கட்டமிட்டு வரும் அறிவித்தலும் ஓரினத்தனவே. இவை யாவற்றிற்கும் பொதுவானதொரு குறையுண்டு. பொருளை வேண்டுவார் செவியிலும் வேண்டாதார் செவியிலும் அவை ஒருபடித்தாகவே சென்று விழும். விளம்பரத்திற் செலவிடும் பணத்திற் பாதி வீணாகின்றதென்றும், எந்தப் பாதி வீணாகின்றதென்பதே விளங்கவில்லை என்றும் வணிகர் நெடுங்காலம் குறைப்பட்டு வந்தனர். கடந்த முப்பது ஆண்டுகளுள் இந்நிலை பெரிதும் மாறிவிட்டது. வாங்குவோனே தனக்கு வேண்டியதைச் சொற்களில் எழுதித் தேடுபொறியினிடம் வினவுகின்றான். அவன் வினவும் அந்தக் கணத்திலே அவன் கண்முன் நிற்றற்கு வணிகர் போட்டியிடுகின்றனர். அப்போட்டிக்குரிய கலையையே தேடுபொறிச் சந்தைப்படுத்தல் என்பர்.

இக்கலைக்கென்றே மாநாடுகள் கூடுகின்றன. தேடுபொறிகளின் போக்கை 1996 ஆம் ஆண்டு முதலாக ஆராய்ந்து எழுதிவந்த டனி சலிவன் என்னும் பத்திரிகையாளர், 1999 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூட்டிய மாநாடு இவ்வகையில் முன்னோடியாகும். அவரே 2017 ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனத்தில் அமர்ந்தார் என்பதும் இத்துறையின் வரலாற்றிற் சுவையானதொரு செய்தி. யான் கடமையாற்றும் நிறுவனத்தின் சார்பில் அத்தகைய மாநாடொன்றில் மூன்று நாள் இருந்து கேட்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. மலர்க் குழுவினர் ஒரு கட்டுரை வேண்டியபொழுது, அங்குக் கேட்டவற்றுள் வணிகர்க்கு மட்டுமன்றி நம்போல்வார்க்கும் பயன்படத்தக்கன சிலவற்றைத் தொகுத்துரைப்பது தகுமென எண்ணினேன். மாநாட்டின் சிறப்பை விரித்துரைப்பது என் நோக்கமன்று. அங்கே நான்கு மண்டபங்களில் ஒரே வேளையிற் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. நடுவிலிருந்த கண்காட்சிக் கூடத்திலே கருவி விற்போர் திருவிழாக் கடைக்காரர்போல் வழிமறித்து நின்றனர். அவ்வளவு சொல்லி அமைகின்றேன்.

முதற்கண் தேடுபொறி தொழிற்படுமாற்றைச் சிறிது கூறல் வேண்டும். பெரிய நூலொன்றின் கடைசியிலே, இன்ன சொல் இன்ன பக்கங்களில் வருகின்றதென்று அகரவரிசையில் ஓர் அட்டவணை இருக்கக் காண்கின்றோம். தேடுபொறி செய்வதும் அதுவே. சிலந்தி எனப் பெயரிய மென்பொருள் இணையத்துப் பக்கங்களை ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவித் தாவிப் படிக்கின்றது. படித்த சொற்களெல்லாம் அட்டவணையில் ஏறுகின்றன. ஒருவர் ஒரு சொல்லை வினவும்போது, அச்சொல்லுடைய பக்கங்கள் அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தப்படுகின்றன. வரிசைப்படுத்தும் வித்தையிலேதான் சூட்சுமம் உள்ளது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவராயிருந்த லறி பேஜ், சேர்ஜி பிறின் என்னும் இருவர், பல பக்கங்களிலிருந்து இணைப்புப் பெறும் பக்கம் மதிப்புடையது என்றும், மதிப்புடைய பக்கத்திலிருந்து வரும் இணைப்பு மேலும் மதிப்புடையது என்றும் கொண்டு ஒரு கணக்கு வகுத்தனர். அறிஞர் பலரால் மேற்கோளாக எடுத்தாளப்படும் கட்டுரை சிறந்ததென்று கல்வியுலகம் கொள்வதுபோன்றதே இது. 1998 ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனம் இக்கணக்கின்மீது எழுந்தது. இன்று வரிசையை உறுதிசெய்யும் காரணங்கள் வேறு பலவுமுள. எனினும் அடிப்படை இதுவே.

இனி, யான் கற்றவற்றைக் கூறுவேன்.

முதலாவது, தேடுவோனுடைய சொல்லை அறிதல் வேண்டும். மாநாட்டில் வந்திருந்தோரின் இணையத்தளங்களை வெண்திரையில் இட்டு, வல்லுநர் மூவர் நோயாளியைப் பார்ப்பதுபோல் ஆராயும் நிகழ்ச்சியொன்று இருந்தது. மரக்கதவு செய்து விற்கும் சிறுவணிகர் ஒருவருடைய தளம் திரையில் வந்தது. கண்ணைக் கவரும் படங்கள் இருந்தன. தரமே தம் உயிர் என்றும் மூன்று தலைமுறைப் பாரம்பரியம் உடையோம் என்றும் வாசகங்கள் இருந்தன. ஆனால் முதற்பக்கத்தில் எங்கேனும் கதவு என்னும் சொல் இல்லை. ஊரின் பெயரும் இல்லை. கதவு வேண்டுபவன் பாரம்பரியத்தைத் தேடுவதில்லை, கதவையே தேடுகின்றான் என்று வல்லுநருள் ஒருவர் சொன்னார். சபை சிரித்தது. அச்சிரிப்பிற்குள் ஓர் உண்மை இருந்தது. தன்னைப்பற்றித் தான் சொல்ல விரும்புவதும், தன்னிடம் பிறர் அறிய விரும்புவதும் வேறு வேறு என்பதைப் பலர் உணர்வதில்லை.

இது தமிழ் எழுதுவோர்க்கும் பொருந்தும். நம் நாட்டிலே துவிச்சக்கரவண்டி என்று அறிவித்தலில் எழுதுகின்றோம். சைக்கிள் என்று பேசுகின்றோம். தமிழகத்தார் மிதிவண்டி என்கின்றனர். நாம் உழவு இயந்திரம் என்பதை அவர் டிராக்டர் என்பர். கொம்பனி, கம்பெனி என்றாற்போல ஒரே பிறமொழிச் சொல்லையே இரு கரையாரும் இருவிதமாக எழுதுகின்றோம். இதனோடு தமிழ்ச் சொல் வேற்றுமையேற்று வடிவு மாறுமியல்புடையது. வீடு என்பது வீட்டில், வீட்டிற்கு, வீட்டினின்றும் என வருவதை மனிதன் உடனே உணர்வான். இயந்திரத்திற்குக் கற்பித்தல் வேண்டும். ஆகவே ஒரு பொருளைப்பற்றித் தமிழில் எழுதுவோர், தாம் கையாளும் செந்தமிழ்ச் சொல்லோடு மக்கள் வழங்கும் சொல்லையும் ஓரிடத்திலேனும் அமைத்து எழுதுவது நலம். இதனால் மொழியின் தூய்மை கெடும் என்பார் உளர். படிப்போன் வந்து சேராத தூய்மையினால் யாது பயன் என்று அவரைக் கேட்க விரும்புகின்றேன்.

இரண்டாவது, குறுக்குவழி நெடுநாள் நில்லாது. வெள்ளைத் தாளின்மீது வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறுமுறை எழுதி இயந்திரத்தை மயக்குதல் ஒரு காலத்தில் நடந்தது. பின்னர், இணைப்புக்கு மதிப்புண்டென்று அறிந்தவுடன் இணைப்பு விற்கும் சந்தை தோன்றிற்று. இயந்திரத்துக்கு ஒரு பக்கத்தையும் மனிதனுக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியமைக்காக, 2006 ஆம் ஆண்டு பெப்ருவரியிற் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜேர்மன் தளம் கூகிளின் அட்டவணையினின்றும் நீக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டு பெப்ருவரியில் ஐக்கிய அமெரிக்காவின் ஜே.சி.பெனி என்னும் பெருங்கடையின் பொருட்டு ஆயிரக்கணக்கான பக்கங்களில் இணைப்புக்கள் நட்டுவைக்கப்பட்டிருந்தமையை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்திற்று. தான் அதனை அறிந்திலேன் என்று அந்நிறுவனம் கூறி, அவ்வேலைக்கு அமர்த்திய முகவரை நீக்கியது. எனினும் பல பொருள்களுக்கு முதலிடத்தில் நின்ற அதன் பெயர் பல பக்கங்கள் பின்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டிலும் 2012 ஆம் ஆண்டிலும் கூகிள் தன் கணக்கைத் திருத்தியபோது, சாரமற்ற எழுத்தைக் குவித்து வைத்திருந்த தளங்களும் இணைப்பை விலைக்கு வாங்கிய தளங்களும் சரிந்தன. மாநாட்டிற் பேசிய முதியோர் பலர் இவ்வரலாற்றை நேரிற் கண்டவர்கள். அவர் கூற்றின் சுருக்கம் இது: கண்டுபிடிக்கப்பட வேண்டுமாயின், கண்டுபிடிக்கத் தகுந்ததாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஏலத்தைப்பற்றியது. தேடல் முடிவின் தலைப்பிலே விளம்பரம் என்னும் குறிப்புடன் வருவன பணங்கொடுத்துப் பெற்ற இடங்கள். 1998 ஆம் ஆண்டு பில் குறொஸ் என்பவர் தொடங்கிய கோ-ரு என்னும் நிறுவனமே இடத்தை ஏலத்தில் விட்டு, ஒருவர் சொடுக்கி உட்புகுந்தால் மாத்திரம் கட்டணம் அறவிடும் முறையைப் பரப்பியது. அது 2001 ஆம் ஆண்டில் ஓவர்ச்சர் எனப் பெயர் மாறி, 2003 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 163 கோடி டொலருக்கு யாகூவிடம் சேர்ந்தது. கூகிள் 2002 ஆம் ஆண்டில் இம்முறைக்கு ஒரு திருத்தம் செய்தது. கூடிய விலை கேட்பவனுக்கே இடம் என்னாது, விளம்பரம் தேடுவோனுக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதையும் பெருக்கிப் பார்த்தது. ஒருவன் 100 ரூபா கேட்கின்றான். மற்றவன் 60 ரூபாவே கேட்கின்றான். ஆனால் பின்னவனுடைய விளம்பரம் இருமடங்கு பொருத்தமானது என்று வைத்துக்கொள்வோம். அவன் கணக்கு 120 ஆகி அவனே முதலிடம் பெறுவான். முன்னவனை வெல்லுதற்குப் போதிய தொகையே அவன் கொடுக்க வேண்டுவது. எனவே 50 ரூபாவைச் சிறிது கடந்த தொகையோடு அவன் தப்புவான். பொருத்தமில்லாதவன் கூடக் கொடுத்தும் பின்னிற்க நேரும். நேர்மையும் இலாபமும் ஒருங்கே செல்லும்படி விதியமைத்தல் கூடும் என்பதற்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஆயினும் இம்முறையிலே அளக்கக்கூடியவையே மதிப்புடையன என்னும் மயக்கம் விளைகின்றது. எத்தனைபேர் பார்த்தனர், எத்தனைபேர் சொடுக்கினர், எத்தனைபேர் வாங்கினர் என்பன காசு வரையில் எண்ணப்படுகின்றன. வாங்கியவர் மனநிறைவு கொண்டாரா, மறுமுறை வருவாரா, அயலவரிடம் நல்லது சொல்வாரா என்பன அத்துணை எளிதில் எண்ணிற்குள் அடங்கா. இலக்கங்களை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். பரீட்சைப் புள்ளி ஒன்றையே கண்டு மாணவனை மதிப்பிடும் ஆசிரியரை நாம் அறிவோம் அன்றோ? அது போன்றதே இதுவும்.

நான்காவது, தகுதியினால் வந்ததும் பணத்தினால் வந்ததும் கண்ணுக்குத் தெளிவாக வேறுபட்டு நிற்றல் வேண்டும். 2002 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, கட்டணம் பெற்று இடும் முடிவுகளைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டுமாறு தேடுபொறி நிறுவனங்களுக்கு எழுதியது. அதற்கு முன்னரே, 1998 ஆம் ஆண்டிற் பேஜும் பிறினும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பு, விளம்பர வருவாயினால் வாழும் தேடுபொறி விளம்பரகாரரின் பக்கம் சாய்வது இயல்பு என்று எச்சரித்திருந்தது. அவ்வாறு எழுதியவர்களுடைய நிறுவனம் 2023 ஆம் ஆண்டிலே தேடல்வழி விளம்பரங்களால் ஏறத்தாழ 17,500 கோடி டொலர் ஈட்டிற்று. முற்காலத்தில் விளம்பரத்தின் பின்னணி வேறு நிறத்திலே தெரிந்தது. காலப்போக்கில் அந்நிறம் மங்கி, இன்று ஒரு சிறு சொல்லே அடையாளமாக எஞ்சியுள்ளது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதனை யான் கூறவில்லை. நல்லெண்ணத்தோடு தொடங்கியோரும் வருவாயின் ஈர்ப்புக்கு உட்படுவர் என்பதையும், ஆதலின் வெளியிலிருந்து காவல் செய்யும் விதிகள் வேண்டும் என்பதையும் வற்புறுத்தவே கூறினேன்.

ஐந்தாவது, வாயில் ஒன்றே ஆயின் வாயில்காப்போன் அரசனாவான். கைத்தொலைபேசியிலும் உலாவியிலும் கூகிளே இயல்பான தேடுபொறியாய் அமைவதற்கு அந்நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டொலர் பிறர்க்குக் கொடுத்தமை வழக்கு மன்றத்தில் வெளிப்பட்டது. 2024 ஆம் ஆண்டு ஓகஸ்டில் நீதிபதி அமிற் மேத்தா, தேடலில் அந்நிறுவனம் சட்டத்துக்கு மாறாகத் தனியுரிமையைப் பேணிற்று என்று தீர்ப்பளித்தார். மாநாட்டின் உட்பேச்சுக்களில் யான் கண்ட அச்சத்திற்கு இதுவும் ஒரு காரணம். தம் வாழ்வு முழுவதும் ஒரு கணக்கின் திருத்தத்திலே தொங்குகின்றதென்று சிறுவணிகர் பலர் சொல்லினர். ஒரே வாடிக்கையாளனை நம்பித் தொழில் நடத்தலாகாது என்று நம் பெரியார் சொல்லிவந்த பாடம் இங்கும் பொருந்தும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக இன்று வேறொரு மாற்றம் நிகழ்கின்றது. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவிற் கூகிள் தேடலின் தலைப்பிலே செயற்கை நுண்ணறிவு தொகுத்தெழுதும் விடை பரவலாக வரத் தொடங்கிற்று. வினவியவன் விடையை அங்கேயே படித்துவிட்டு அகன்றுவிடலாம். விடைக்கு மூலமான பக்கத்தை எழுதியவனிடம் அவன் செல்ல வேண்டியதில்லை. மாநாட்டிலே மிகுதியான விவாதம் இதைப்பற்றியே நிகழ்ந்தது. பிறர் படிப்பர் என்னும் எண்ணத்தினாலன்றோ மனிதன் எழுதுகின்றான்? படிப்போர் வாராதொழியின் எழுதுவோர் குறைவர். எழுதுவோர் குறையின் இயந்திரம் எதனைத் தொகுக்கும்? இவ்வினாவிற்கு அங்கே கூடியிருந்தோரில் எவரும் தெளிவான விடை பகரவில்லை. ஒன்றுமட்டும் உறுதி. எழுத்து வடிவில் எது கிடைக்கின்றதோ அதனைக்கொண்டே இயந்திரம் பேசும். எந்த ஊரைப்பற்றி, எந்த மொழியில் எழுத்துக் குறைவாயிருக்கின்றதோ, அவ்வூரைப்பற்றி, அம்மொழியில் அது பிழையாகவும் பேசும்; இல்லாததைப் புனைந்தும் பேசும்.

இங்கேதான் நம் கடமை தோன்றுகின்றது. நம் கல்லூரி மலர்களும் ஆண்டறிக்கைகளும் பரிசளிப்பு விழா உரைகளும் எங்கே உள்ளன? சில நூலகங்களில், சிலருடைய அலுமாரிகளில், சில கறையானின் வயிற்றில். 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படிகளாக எடுத்து இணையத்திற் காத்து வருகின்றது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த துயரத்தை அறிந்தோர் அப்பணியின் அருமையை உணர்வர். ஆயினும் பக்கத்தைப் படமாக எடுத்து வைப்பது பாதி வேலை. படத்திலுள்ள சொற்கள் எழுத்தாக மாற்றப்பட்டாலன்றி அட்டவணையிற் சேர்வது அரிது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் நாம் தட்டெழுதி வைத்தவற்றின் நிலையும் அதுவே. திரையிலே தமிழாய்த் தோன்றினும், கணினியினுள்ளே அவை உரோமன் எழுத்துக்களின் பொருளற்ற கோவையாகவே கிடக்கின்றன. யூனிக்கோட் முறைக்கு மாற்றினாலன்றி அவற்றைத் தேடி எடுப்பார் இலர். இருந்தும் எவரும் காணமுடியாத நூலுக்கும் இல்லாத நூலுக்கும் வேற்றுமை மிகச் சிறிது.

பழைய மாணவர் சங்கங்களிலே, நம் கல்லூரியின் பெயரை இணையத்தில் முதலிடத்திற் கொணரப் பணம் திரட்டுவோம் என்னும் பேச்சு இடையிடையே எழுகின்றது. முதலிடம் நிச்சயம் என்று உறுதிகூறி மடல் எழுதும் முகவர்களும் உளர். அத்தகைய உறுதியை எவராலும் தரமுடியாதென்று கூகிள் நிறுவனமே எழுதிவைத்திருக்கின்றது. அப்பணத்தை அவ்வாறு செலவிடுதல் வீண் என்பது என் துணிபு. அதனைக்கொண்டு இரண்டொரு இளைஞருக்கு வேதனம் கொடுத்து, பழைய மலர்களிலுள்ள கட்டுரைகளைப் பிழையின்றித் தட்டெழுதுவித்து, ஒவ்வொன்றிற்கும் தக்க தலைப்பும் ஆண்டும் ஆசிரியர் பெயரும் இட்டு, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வெளியிடுதல் வேண்டும். 2003 ஆம் ஆண்டிலே தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஆசிரியப் பெருமக்களையும் ஊர்களையும் தொழில்களையும் பற்றிய கட்டுரைகளை ஆதாரத்தோடு எழுதுதலும் ஆகும். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். ஆண்டிற்கொரு மலர் என எடுத்துக்கொண்டாலும் பத்தாண்டிற் பத்து மலர்கள் எழுத்தாகிவிடும்.

கனடாவிலோ இலண்டனிலோ பிறந்த ஒரு பேரப்பிள்ளை, தன் பாட்டனார் படித்த கல்லூரியைப்பற்றி ஓர் இரவிலே இயந்திரத்தினிடம் வினவக்கூடும். அப்பிள்ளைக்கு விடை கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. இயந்திரம் விடை கூறாது விடுவது அரிது. அவ்விடை நம்மவர் எழுதியதைப் படித்துக் கூறியதாயிருக்குமா, எழுத்தொன்றும் அகப்படாமையாற் புனைந்து கூறியதாயிருக்குமா என்பதே வினா. அதனை உறுதிசெய்வோர் இம்மலரைக் கையிலேந்தியிருக்கும் நாமே. அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதற்கென ஓர் இடம் ஒதுக்குமாறு சங்கத்தாரைப் பணிவோடு வேண்டுகின்றேன்.